சேற்றுக்குள் ஐந்தாவது தட்டு

நான் மன்னாரில் பாண் போடுகிறவன். பாண் வேகும் போறணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, கனடாவில் மல்வேர்னில் இருக்கும் அக்காவைப் பார்க்க வந்து இறங்கினேன். பயணக் களைப்பு ஆறவில்லை, அக்கா வேலை சொல்லிவிட்டா.

"அன்ரன், நீ போய் நிரோவைக் கையோட கூட்டிக்கொண்டு வா. ஆர் சொல்லியும் கேக்கிறாளில்லை. மாமன் சொன்னாக் கேப்பாள்."

நிரோ அக்காவின் ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் நிலத்தைப் பற்றிப் படிக்கிறாள். கனடாவின் தலைக்குள் பெரிதாக வெட்டிக்கொண்டு இறங்குகிறதே ஹட்சன் குடா, அதன் வால் மாதிரித் தொங்குவது ஜேம்ஸ் குடா. அந்த வாலின் நுனியில் மூசனி என்ற சின்ன ஊர். இரண்டு வருடமாக நிரோ அங்கே போய்ப்போய்ச் சேறு அளக்கிறாளாம். சேறு என்ற சொல்லைச் சொல்லும்போதே அக்காவின் முகம் சுருங்கியது.

"மன்னாரில இல்லாத சேறோ? சேத்துக்குள்ள நிண்டு நண்டு பிடிச்ச சனம் நாங்கள். பிள்ளையின்ர காலிலயாவது சேறு படாமல் இருக்கட்டும் எண்டு இஞ்ச வந்தன். அவள் படிச்சுப்போட்டுத் தேடிப்போய்ச் சேத்துக்குள்ள நிக்கிறாள். அவளின்ர புரொபசர் இன்னும் ஒரு வருசம் நிக்கலாம் எண்டவராம். கேட்டியோ கதையை?"

கேட்டேன். கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை, சேற்றில் அளக்க என்ன இருக்கிறது என்ற யோசனைதான் வந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் அக்கா என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அக்கரை தெரியாத தண்ணீர். குனிந்து வாயில் விட்டுப் பார்த்தேன், உப்பில்லை. ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தேன், வற்றிப் பெருகுகிற வத்துப்பெருக்கும் இல்லை. பக்கத்தில் நாயோடு நின்ற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தம்பி, கடல் எண்டு ஏமாந்திட்டீரோ? இது நல்ல பிள்ளை. விட்ட இடத்திலயே நிக்கும். வடக்க போய்ப் பாரும், அங்க இருக்குது ஒண்டு, நிண்ட இடத்தில நிக்காது."

பிறகு வடக்கே கிளம்பி, பஸ்ஸும் கோச்சியும் மாறிமாறி, இரண்டாம் நாள் கடைசிக் கோச்சிக்குள் ஏறியிருந்தேன். கோச்சி என்று நாங்கள் சொல்வது ரயிலை. மூசனிக்குத் தெருக் கிடையாது, தண்டவாளம் மட்டும்தான். இரண்டு பக்கமும் முடியவே முடியாத காடு. மரங்கள் எல்லாம் நோஞ்சான்கள். காலடியில் ஈரம் கூடினால் மரமும் வளர யோசிக்கும் போலிருக்கிறது.

பாதி வழியில் கோச்சி நின்றது. யன்னலால் எட்டிப் பார்த்தால், எங்கள் எருமையைக் குதிரைக் காலில் தூக்கி வைத்துக் கொம்பில் விசிறி பூட்டிய மாதிரி ஒரு மிருகம் தண்டவாளத்தில் நிற்கிறது. மூஸ். சாரதி கூவென்று ஊதிப் பார்த்தார். அது காதை மட்டும் ஆட்டியது. எதிரே இருந்த இரண்டு வயோதிபர்கள் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டார்கள். என்னுடைய இங்கிலிஷ் கடைக்கு வந்துபோன வெளிநாட்டுக்காரரிடம் பொறுக்கியது. அதனால் விளங்கின மட்டும் சொல்கிறேன்.

"ஊதினால் போகாது."

"ஏன்?"

"அது ஊர்க்காரன். நாங்கள்தான் விருந்தாளி."

சும்மா இருக்கிற நேரம் வயிற்றுக்கு வேலை கொடுப்போம் என்று அக்கா கட்டித்தந்த மாலுபாணை அவிழ்த்தேன். மீன் வாசம் பெட்டி முழுக்கப் பரவியது. இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று நீட்டினேன். ஒருவர் கடித்துப் பார்த்து, உள்ளே இருந்ததைக் கண்டு, "மீனைப் பாணுக்குள் ஏன் ஒளித்து வைத்திருக்கிறாய்? உங்கள் ஊரில் களவெடுக்கிறார்களா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இரண்டாவதற்குக் கை நீட்டினார். மூஸ் விலகும்போது பொட்டலத்தில் துணி மட்டும் இருந்தது.

நிரோ ஸ்ரேசனில் நின்றாள். தலையில் கொசுவலைத் தொப்பி, முழங்கால் வரை றப்பர்ச் சப்பாத்து. நான் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று கோச்சியில் எட்டு விதமாக யோசித்து வைத்திருந்தேன். அவள் எனக்கு வேலையே வைக்கவில்லை.

"மாமா, அம்மா எதுக்கு அனுப்பினவா எண்டு தெரியும். ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் வாறன். இட்ஸ் ஓவர்."

"என்ன பிள்ளை, ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"ஐஸ் சொல்லிப்போட்டுது."

தூசி பறக்கிற தெருவால் நடந்துகொண்டே விளங்கப்படுத்தினாள். போன வருடம் கடல் வற்றும் நேரம் பார்த்து, சேற்று வெளியில் கரையிலிருந்து கடல்பக்கமாக ஐந்து இரும்புத் தட்டுகளைப் புதைத்திருக்கிறாள். சாப்பாட்டுத் தட்டளவு, சமமாகப் படுக்க வைத்து, மேலே சேற்றை மூடி. மெல்லிய கம்பியைக் குத்தினால் தட்டில் முட்டும். மேலே எவ்வளவு சேறு என்று கம்பி சொல்லும். பனி மாரி கழிந்து வந்து திரும்பக் குத்தினால் சேறு வளர்ந்ததா, தேய்ந்ததா என்று தெரிந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் மாரியில் அந்தக் கடல் சேற்றோடு சேர்த்து உறைகிறது. பனிக்காலம் முடியப் பெருக்குத் தண்ணீர் அந்தக் கட்டிகளைத் தூக்குகிறது. அடியில் ஒட்டின சேறு, கல்லு, எது இருந்தாலும் அதோடு கிளம்பிவிடுகிறது. நான்கு தட்டுகளைத் தேடியாயிற்று. ஒன்று கரையில் மடங்கிக் கிடந்தது. மூன்று போன இடமே இல்லை.

"அஞ்சாவது?"

"எல்லாத்துக்கும் அங்கால, கடல்பக்கம். கிட்ட இருந்ததுகளே போட்டுது, அது எங்க இருக்கப் போகுது? நாளைக்குப் போய்ச் சும்மா ஒருக்காப் பாத்திட்டு பாக் பண்ணுவம். ஒரு தட்டும் இல்லாட்டி இன்னொரு வருசம் நிண்டு என்னத்தை ஒப்பிடுறது? புரொபசரும் இப்ப அதைத்தான் சொல்லுறார்."

அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். "சனிக்கிழமை வாறாளாம்" என்றேன். "பாத்தியே, மாமன்ர வாய்க்கு ஒரு மரியாதை இருக்கு. சனிக்கிழமைக்கு அறையைக் கூட்டி வைக்கிறன்" என்றா. நான் வாயே திறக்கவில்லை என்பதைச் சொல்ல மனம் வரவில்லை.

நிரோ தங்கியிருந்தது மார்லீன் வீட்டில். மார்லீன் கிரீ என்ற பூர்வகுடி இனத்துப் பெண். அந்தக் கரை அவர்களுடையது. என் வயதிருக்கும். படகு வைத்திருக்கிறா, ஆட்களை ஆற்றாலும் கடலாலும் ஏற்றி இறக்குகிறா. நிரோ கூப்பிடுவதைக் கேட்டு அவவும் என்னை "மாமா" என்றே கூப்பிட்டா. இராச் சாப்பாட்டுக்கு வாத்து அவியலும் பனொக்கும். பனொக் என்பது அவர்களுடைய ரொட்டி. ஈஸ்ற் இல்லை, புளிக்க விடுவதில்லை, குழைத்த கையோடு சட்டியில். "இது பொறுமையில்லாதவர்களின் பாண்" என்றா மார்லீன். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கடையில் ஈஸ்ற் வாங்கிவந்து என் பாட்டுக்கு ஒரு மாவைக் குழைத்து மூடி வைத்தேன்.

நிரோ அந்த மாவைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, உந்த மாவை விரலால அமத்துங்கோ. அமத்திப்போட்டு எடுங்கோ."

அமத்தினேன். குழி விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்க, குழி மெல்ல மெல்ல மேலே வந்தது.

"இந்த நாடும் அப்பிடித்தான். ஒரு காலத்தில இதுக்கு மேல கிலோமீற்றர் கணக்கில ஐஸ் இருந்தது. பாரத்தில நிலம் தாண்டு போச்சு. ஐஸ் உருகி ஏழெட்டாயிரம் வருசம். உங்கட குழி மாதிரி நிலம் இன்னும் மேல வந்துகொண்டே இருக்கு. ஒரு ஆள் பிறந்து கிழவனாகிறதுக்குள்ள இடுப்பளவு ஏறிடும்."

"அப்ப கடல்?"

"அது பின்னால போகுது. ஆறு கொண்டுவந்து கொட்டுற வண்டலைக் கடல் பெருக்கில பரத்தி, வத்தேக்கை விட்டிட்டுப் போகும். நிலம் அதைத் தூக்கிக் குடுக்கும். முதல்ல சேறு, பிறகு உப்புப் புல்லு, பிறகு பத்தை, பிறகு காடு."

மார்லீன் சட்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னா: "என் தாத்தா வாத்து வேட்டைக்கு ஒரு குடில் போட்டார். வாசலில் கடல். இப்போது அது பற்றைக்குள் நிற்கிறது, கடலைப் பார்க்க அரைநாள் நடக்கவேண்டும் என்று பகிடி பண்ணுவோம். நாங்கள் வீடு மாறவில்லை. கடல்தான் மாறிப்போனது."

எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் கரையில் கடல் வருடா வருடம் தென்னையை வேரோடு எடுக்கிறது. போன வருடம் எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் கல் அடுக்கினோம். அங்கே கடலைத் தள்ளிப் பிடிக்கச் சனம் கல் சுமக்கிறது; இங்கே கேளாமலே கடல் காணியை விட்டுவிட்டுப் போகிறது. ஒரே கடல், இரண்டு குணம்.

காலையில் பெருக்கோடு ஆற்றுவழியாகக் கிளம்பினோம். கடல் வாசலுக்கு வர மார்லீன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காலை நீட்டித் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டா. தண்ணீர் இறங்கியது. படகின் அடி சேற்றில் மெத்தென்று குந்தியது. சுற்றிவர நாங்கள் வந்த கடலையே காணவில்லை.

"நிரோ! தண்ணி போட்டுது! எப்பிடித் திரும்பிப் போறது?"

தொப்பிக்குள் இருந்து மார்லீனின் குரல் வந்தது. "மாமா, போன கடல் வரும். ஒன்று மட்டும் நினைவில் வை. வரும்போது கதவைத் தட்டாது."

அந்த வெளியைப் போல ஒன்றை நான் கண்டதில்லை. சாம்பல் நிறம், கண்ணுக்கெட்டிய மட்டும் சமம். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய பெரிய பாறாங்கற்கள், கேக்குக்குள் போட்ட முந்திரிகை வற்றல் மாதிரி. இவ்வளவு மெத்தென்ற சேற்றில் இந்தக் கல்லை யார் கொண்டுவந்து வைத்தது? "ஐஸ்தான்" என்றாள் நிரோ. அம்மியை நகர்த்த அடிமேல் அடி வேண்டும் என்று நாங்கள் சொல்வோம். இங்கே அடிக்கவே தேவையில்லை, உறைந்து மிதந்தால் போதும். சேற்றின் மேல் மெல்லிய பச்சைப் பாசி. அது ஒட்டுப் பசை மாதிரி வண்டலைப் பிடித்து வைத்திருக்குமாம். கையால் கிளறினால் நகத்தளவு இளஞ்சிவப்பு மட்டிகள். நண்டு தேடினேன், இல்லை. கடலிருந்தும் நண்டில்லாத கரை, கறியிருந்தும் உப்பில்லாத வீடு.

இனித்தான் நான் செய்த வேலை. சேறு என்றால் எனக்குப் புதிதா? மன்னார்க் களக்கடலில் முழங்கால் தண்ணீரில் மைல் கணக்காய் நடந்தவன். சப்பாத்துப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குகிறவனை எங்கள் பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள். வெறுங்கால்தான் சேற்றைப் படிக்கும். றப்பர்ச் சப்பாத்தைக் கழற்றிப் படகில் எறிந்தேன்.

"மாமா, போடுங்கோ! வெயிட்! நான் முன்னுக்குப் போறன்."

"போடி, எனக்குச் சேறு காட்டுறாய்!"

குளிர் பாதத்தைக் கடித்தது. ஆனாலும் நடந்தேன். ஊரில் எந்த இடம் பளபளவென்று வழுவழுப்பாக இருக்கிறதோ அது கெட்டி மணல், நம்பிக் கால் வைக்கலாம். இங்கேயும் அப்படி ஒரு பளபளப்பான வட்டம் கண்டேன். வைத்தேன். தொடை வரை போய்விட்டேன்.

ஐஸ் கிளப்பிக்கொண்டு போன குழியாம் அது. பிறகு வந்த பெருக்கு அதைக் கூழால் நிரப்பி, மேலே மெழுகி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் நூறு தரம் எழுதியவன் நான்.

நிரோ படகில் கிடந்த பலகையைக் கொண்டு ஓடிவந்தாள். பின்னால் மார்லீன், அவசரமே இல்லாமல். "மாமா ஊரில் சேற்றில் பிறந்தவர் என்றாயே?" என்று நிரோவிடம் கேட்டா. "பிறந்த வழியால் திரும்பிப் போகப் பார்க்கிறார்." இரண்டு பெண்களும் சிரித்துச் சிரித்து என்னை இழுத்தார்கள். இழுத்து முடிய மார்லீன் சிரிப்பை நிறுத்திக் கடல்பக்கம் பார்த்தா. தூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு.

"திரும்பிவிட்டது. படகுக்குப் போவோம்."

"ஒரு ஃபைவ் மினிட்ஸ்," என்றாள் நிரோ. "அந்த இடம் இதுதான், இஞ்சதான் எங்கயோ." கையிலிருந்த செய்மதிக் கருவி ஐந்தாவது தட்டின் இடத்தைக் காட்டியது, ஆனால் நாலைந்து காலடி முன்பின்னாக இருக்குமாம். அவள் கம்பியால் குத்திக்கொண்டே போனாள். குத்து, ஒன்றுமில்லை. குத்து, ஒன்றுமில்லை. மாமனை இழுக்கப்போய்த் தேடுகிற நேரம் போயிற்றே என்று எனக்குக் குற்றமாக இருந்தது. கடைசியில் நிமிர்ந்தாள். "இல்லை. ஐஸ் உந்தக் குழியை எடுக்கேக்கை தட்டையும் எடுத்திட்டுது." கொசுவலைக்குள் முகத்தைத் துடைத்தாள். "ஓகே. போவம், மாமா."

நான் இன்னும் பலகையில் குப்புறக் கிடந்தேன்; கால் விறைத்து எழும்ப முடியவில்லை. கைக்கு எட்டின தூரத்தில் இன்னொரு கம்பி கிடந்தது. கேக் வெந்ததா என்று தென்னை ஈர்க்கால் குத்திப் பார்த்துப் பழகிய கை எனக்கு. சும்மா குழியோரத்தில் குத்தினேன். எதிலோ முட்டியது. கல்லாக்கும் என்று பக்கத்தில் குத்தினேன். அதே ஆழத்தில் முட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளி. அதே ஆழம். கல் அப்படி இருக்காது. கல்லில் கம்பி வழுக்கும், ஒருபக்கம் மேலே ஒருபக்கம் கீழே போகும். இது ஈர்க்கு கேக்கைத் தாண்டித் தட்டின் அடியைத் தொடுகிற சங்கதி.

நிரோ முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கோடு இப்போது அகலமாகியிருந்தது. கம்பியை உருவிப்போட்டுச் சும்மா கிடந்தால் போதும், சனிக்கிழமை பிள்ளை மல்வேர்னில். அக்கா அறையைக் கூட்டி வைத்திருப்பா. நான் அவவுக்குச் சொன்ன சொல் நிற்கும். கம்பியைப் பிடித்த கை அப்படியே இருந்தது. ஆனால் மேலே எவ்வளவு சேறு இருக்கிறது, போன வருடம் எவ்வளவு இருந்தது, கூடியதா குறைந்ததா? அதைத் தெரியாமல் நான் எப்படி ஊருக்குப் போவேன்?

"நிரோ! இஞ்ச வா! ஓடி வா!"

ஓடிவந்து விழுந்து முழங்காலில் நின்றாள். என் கம்பிக்குப் பக்கத்தில் தன் கம்பியை விட்டாள், அங்கே, இங்கே, மற்றப் பக்கம். அளவுநாடாவை எடுத்துப் பிடித்தாள். போன வருடம் முழங்கை நீளச் சேற்றின் கீழே புதைத்தது. இப்போது மேலே ஒரு சாண் கூட இல்லை.

"குறைஞ்செல்லோ போச்சு," என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, நானே வழித்து எடுத்த மாதிரி.

"ஓம், மாமா, குறைஞ்சிட்டுது!" அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வலைக்குள்ளால் தெரியவில்லை. "கீழ இருந்து நிலம் தூக்குது, மேல இருந்து ஐஸ் வழிக்குது. இரண்டும் ஒரே இடத்தில! ஆர் வெல்லுறது எண்டு இன்னும் ஒரு மாரி பாத்தால்தான்..." என்னைப் பார்த்தாள்.

"சொல்லு," என்றேன்.

"நான் நிக்கப்போறன், மாமா."

"எனக்குத் தெரியும். முதல்ல என்னை எழுப்பி விடு, தண்ணி வருது."

வந்தது. கதவைத் தட்டவில்லை. பின்னால் இருந்த ஓடைகள் முதலில் நிரம்பி, படகுக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மார்லீன் என்னைக் கையில் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனா, வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டு. நான் மொழிபெயர்க்கவில்லை. படகு மிதந்தபோது திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடம், குழி, கல், என் கால் அடையாளம், ஒன்றும் இல்லை. வெறும் கடல்.

கோச்சியில் தனியாக ஏறினேன். மல்வேர்னில் அக்கா கதவைத் திறந்து எனக்குப் பின்னால் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"எங்க பிள்ளை?"

"அக்கா, அவள் சேறு அளக்கப் புதைச்ச தட்டு இருந்தது. நான்தான் கண்டுபிடிச்சனான்."

"நீயோ?"

"நான்தான்."

"உன்னை நான் என்னத்துக்கடா அனுப்பினனான்?" சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனா. நான் தனியே இருந்து தின்றேன். பொழுதுபட, குசினித் தொட்டியில் என் காற்சட்டையைக் கழுவ எடுத்தா. மடிப்புக்குள் சாம்பல் நிறமாய்க் காய்ந்திருந்த சேறு உதிர்ந்தது. தண்ணீரைத் திறக்கப் போன கை நின்றது. ஒரு கட்டியை எடுத்து நனைத்து, விரலுக்குள் வைத்து உருட்டினா. நெடுநேரம் உருட்டினா.

"மா மாதிரி இருக்கு," என்றா.

"ஓம். அவ்வளவு மெது."

"இது தேயுதோ, வளருதோ?"

"அதைத்தான் பாக்கிறாள்."

இன்னும் கொஞ்சம் உருட்டினா. பிறகு அந்தச் சேற்றோடு பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு கறிவேப்பிலைச் சட்டியருகே போனா.

"அதுக்குள்ள போடாதை அக்கா. உப்புச் சேறு, மரம் செத்துப்போம்."

அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினா.

"அப்ப வேற சட்டி ஒண்டு எடுத்துக்கொண்டு வா."